தங்கை புழு விற்கும் ஊர்

1

என் தங்கை கனடாவில் புழு விற்கிறாள். நான்கு வருஷமாக இதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து யார் போனில் விசாரித்தாலும், "பூங்கொடி ஒரு கடையில வேலை பார்க்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். என்ன கடை என்று மேலும் தோண்டினால், "டூரிஸ்ட் வர்ற கடை" என்பேன். அதுவும் பொய்யில்லை.

அவள் இருக்கும் ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே தமிழ்க் குடும்பம் ஒன்றே ஒன்றுதான். ஊர்ப் பெயரை எழுதினால் வீட்டு விலாசத்தையே எழுதியதாகிவிடும். ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, காட்டுக்குள் இருக்கிறது. ஒரு முனையில் மரம் அறுக்கும் ஆலை, மறுமுனையில் தங்கச் சுரங்கம், இடையில் ஏரி. ஆலை முற்றத்தில் வெட்டிய மரங்களை மலைபோல் அடுக்கி, வெயிலில் வெடித்துவிடாமல் இருக்கப் பகல் முழுவதும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வெடி வைத்தால், பூங்கொடி வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மெதுவாக உரசும். முதல் தடவை நான் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

கோடை வந்தால் அமெரிக்காவிலிருந்து மீன் பிடிப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். வண்டிக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு நாள் கணக்கில் ஓட்டி வருகிறார்கள். தூண்டில் போட அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், தூண்டிலில் குத்தப் புழு வேண்டும். பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் இரண்டையும் பூங்கொடிதான் விற்கிறாள். காகிதக் கோப்பையில் ஈர மண், மண்ணுக்குள் புழு, மேலே ஓட்டை போட்ட மூடி. கடை ஃபிரிட்ஜில் இடமில்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து தோசை மாவுக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுகிறாள்.

"புழுவுக்கு என்னக்கா, சத்தம் போடாது, எதிர்த்துப் பேசாது" என்பாள்.

2

நான் வேதியியலில் எம்.எஸ்சி. ஒன்பது வருஷம் பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவள். அமெரிக்காவில் எடிசன் என்ற ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. என் கணவர் பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறார். அவருடைய விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். கிரீன் கார்டுக்கு மனு போட்டுக் காத்திருக்கிறோம். கம்பெனி வக்கீல் ஒரு காகிதம் கேட்பார். அனுப்பினால் மூன்று மாதம் கழித்து அதே காகிதத்தைத் திரும்பக் கேட்பார்.

பூங்கொடி பி.ஏ., அதுவும் இரண்டாம் வகுப்பு. அவள் கணவர் துரைசாமி சுரங்கத்தில் அளவை எடுப்பவர். சேலத்தில் இருந்துகொண்டே கனடாவுக்கு மனு போட்டார். விமானத்திலிருந்து இறங்கும்போதே குடியேறியவர்களாக இறங்கினார்கள். இரண்டாவது மாதமே பூங்கொடி வேலைக்குப் போய்விட்டாள்.

ஊரில் எல்லோரும் அவளுக்காக இரக்கப்பட்டார்கள். "பாவம், காட்டுல கொண்டுபோய் விட்டுட்டான்" என்று பெரியப்பா வீட்டில் பேசிக்கொண்டார்களாம். எனக்கு அது கேட்க இதமாக இருந்தது. என்னைச் சுற்றி ஓக் ட்ரீ ரோடு முழுக்க மளிகைக் கடைகள், கோவில், தமிழ்ச் சங்கம், கறிவேப்பிலை. அவளுக்குக் கறிவேப்பிலை வாங்கவே ஐந்து மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஆனால் காலை எட்டு மணிக்குள் கணவரும் பையனும் கிளம்பிப் போன பிறகு, அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம் நிற்கும்போது எனக்கு அந்தப் புழுக் கடையின் மேல் பொறாமையாக இருக்கும். அவளிடம் யாரோ ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

3

என் பையன் கௌதமுக்குப் போன வருஷம் பதினைந்து வயது. ஆறு வயதில் இங்கே வந்தான். வந்த முதல் வருஷம் வகுப்பில் தமிழில் பேசிவிட்டு அழுதுகொண்டு வருவான். இரண்டாம் வருஷம் அழவில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில். இப்போது அதுவும் ஒரு சொல், இரண்டு சொல். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நானே பாடம் எடுக்கிறேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில், நீள மேசைகளில், மற்றவர்கள் பிள்ளைகளுக்கு. என் பிள்ளை பன்னிரண்டு வயதில் வருவதை நிறுத்திவிட்டான்.

பூங்கொடி கூப்பிட்டாள். "லீவுக்கு அனுப்புக்கா. இங்க நித்யாவுக்கும் துணை இல்ல. ரெண்டும் ஏரியில கெடக்கட்டும்." நித்யா அவள் மகள், பதின்மூன்று வயது.

போவதற்கு ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. ஆனால் பாஸ்போர்ட்டில் பிணைத்திருக்கும் சின்ன வெள்ளை அட்டை செல்லுபடியாகும். அந்த அட்டையை யாரிடமும் கொடுத்துவிடாமல் கனடா போய், முப்பது நாளுக்குள் திரும்பி வந்தால் புது முத்திரை கேட்கமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் ஆனால் அங்கேயே நின்று தூதரக வரிசையில் சேர வேண்டியதுதான். எடிசனில் இந்த விதி தெரியாத தமிழர் கிடையாது. கோவிலில் புளியோதரைக்கு வரிசையில் நிற்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

நியூயார்க்கில் நின்று கனடா விசா வாங்கினோம். பிள்ளையைத் தங்கையிடம் விடுவதாக வங்கியில் நோட்டரி கையெழுத்தும் வாங்கினேன். எல்லைப் பாலத்தில் கனடா அதிகாரி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இந்தப் பெண் பையனுக்கு என்ன உறவு என்று கேட்டார். பதற்றத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. "ஷி இஸ் ஹிஸ் ஸ்மால் மதர்" என்றேன். அதிகாரி கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். பின் சீட்டிலிருந்து கௌதம் சிரித்துக்கொண்டே "ஆன்ட்" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரிப்பைக் கேட்டேன்.

இரண்டு வாரம் என்று பேச்சு. அவனை விட்டுவிட்டுத் திரும்பினோம்.

4

முதல் வாரம் நான் போன் பண்ணும்போதெல்லாம் அவன் வீட்டில் இல்லை. "ஏரிக்குப் போயிருக்கான்க்கா." "கடையில நிக்கறான்க்கா, மீன் குஞ்சு அள்ளிக் குடுக்கறான்." தொட்டியில் உயிரோடு இருக்கும் தூண்டில் மீன்களை வலையால் அள்ளிப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலையாம். எங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துக் கழுவும் தொட்டியில் போடமாட்டான்.

இரண்டாம் வாரம் ஒருநாள் பேசினான். பின்னால் நித்யாவின் குரல் கேட்டது. அவன் போனைக் கையால் மூடாமலே அவளிடம் திரும்பி, "அந்தத் தொப்பிக்காரர் இன்னிக்கும் ஒண்ணும் புடிக்கலயாம், மறுபடி புழு வாங்க வந்துட்டாரு" என்றான்.

தமிழில். முழு வாக்கியம். பிறகு என்னிடம் திரும்பி, "யா மாம், ஐ ஆம் ஓகே" என்றான்.

பூங்கொடியிடம் கேட்டேன், எப்படி என்று. அவள் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. "கடைக்கு வர்றவங்கள பத்தி நாங்க எங்களுக்குள்ள பேசிக்குவோம்க்கா. அவங்களுக்குப் புரியாதில்ல. இவன் ரெண்டு நாள் என்ன சொல்றீங்க, என்ன சொல்றீங்கன்னு தொணதொணன்னான். மூணாம் நாள் இவனே ஆரம்பிச்சிட்டான். ஆளாளுக்குப் பட்டப்பேரு வெச்சிருக்கான்."

அன்று நான் சனிக்கிழமை வகுப்புக்கான பாடத்தாள்களை நகல் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி பூங்கொடி. "அக்கா, இன்னும் பத்து நாள் இருக்கட்டுமே. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஊர்ல மீன்பிடிப் போட்டி. இவரு, நித்யா, கௌதம் மூணு பேரும் ஒரு படகுன்னு பேரு குடுத்துட்டாங்க. பையன் ராவும் பகலும் அதே நெனப்பு. கணக்குப் பாத்தா இருபத்திரெண்டாம் நாள்தான் வருது. முப்பதுக்குள்ளதானே?"

பின்னால் கௌதம் ஏதோ சொன்னான். அவள் சிரித்தபடி அவனிடம், "இரு சாமி, கேட்டுட்டுத்தானே இருக்கறேன்" என்றாள்.

அந்தச் 'சாமி' எங்கள் அம்மா எங்களைக் கூப்பிடுவது. நான் என் பையனை அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கே பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன். அவள் கூப்பிடுகிறாள், அவனும் நிற்கிறான்.

"இல்ல பூங்கொடி" என்றேன். "விதிய மாத்திட்டாங்களாம். இப்ப இருபது நாள்தான். வக்கீல் சொன்னாரு. ரிஸ்க் எடுக்க முடியாது. நாங்க சனிக்கிழமை வந்துடறோம்."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் அந்த விதிகளுக்குப் பயந்து பயந்து வாழ்ந்ததில், எந்த விதியைச் சொன்னால் எதிரில் இருப்பவர் வாய் மூடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

போனை வைத்தபோது கணவர் சோபாவிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"எந்த வக்கீல்?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை லீவு போடணும்" என்று மட்டும் சொன்னார்.

5

அந்த ஊருக்குள் நுழையும் இடத்தில் தகரத்தில் செய்த பெரிய மீன் ஒன்று வாயைப் பிளந்து நிற்கிறது. வருகிறவர்கள் வாய்க்குள் தலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தாண்டிச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனோம். யாரும் இல்லை. ஏரிக்கரைக்கு நடந்தோம்.

பலகைத் துறையில் ஒரு மேசை. ஒரு வயதான அமெரிக்கர் பக்கத்தில் நிற்க, கௌதம் அவருடைய மீனை அரிந்துகொண்டிருந்தான். கத்தியைச் செவுளுக்குப் பின்னால் இறக்கி, முள்ளை ஒட்டியே வால் வரை இழுத்தான். கை கறுத்திருந்தது. கழுத்தெல்லாம் பூச்சிக் கடி. பக்கத்தில் துரைசாமி கைகட்டி நின்று, "மெதுவா. கத்திய நீ தள்ளாத, அதுவே போகும்" என்றார்.

"சரிங்க சித்தப்பா."

அப்போதுதான் எங்களைப் பார்த்தான். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று உள்ளே போய்விட்டது. "ஹாய்" என்றான்.

நித்யா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, இவன கூட்டிட்டுப் போனா எங்க படகு ஒரு பக்கம் சாஞ்சுரும். அப்பா கனம் ஒரு பக்கம், நான் மட்டும் இன்னொரு பக்கம்."

"நீ நாலு தோசை கூடச் சாப்பிடு" என்றான் கௌதம்.

"நீ சுட்டுப் போடு."

"நான் போனப்புறம் யாரு சுடறது?"

இவன் தோசை சுட்டிருக்கிறான். அதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது துரைசாமி என் பக்கத்தில் நடந்தார். அதிகம் பேசாதவர். "இருபது நாளுங்களா அண்ணி?" என்றார்.

"புதுசா மாத்திட்டாங்க தம்பி."

"நான் முப்பதுன்னு கேள்விப்பட்டேனுங்க."

"அது பழசு."

"சரிங்க" என்றார். ஆலை முற்றத்தில் மரங்களின் மேல் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பூங்கொடி அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ஒவ்வொரு சட்டையையும் மடித்த பிறகு உள்ளங்கையால் ஒருதரம் நீவினாள். எனக்கு அது பொறுக்கவில்லை. "கொடு, நான் வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். நான் மடித்த சட்டைகள் பையில் அடங்கவில்லை. அவள் எழுந்து போய்க் கட்டுச்சோறு கட்ட ஆரம்பித்தாள்.

6

மறுநாள் பின்மதியம் எல்லைப் பாலம் வந்தது. அமெரிக்க அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டுகளையும் வாங்கினார். காலாவதியான முத்திரையைப் பார்த்தார், வெள்ளை அட்டையைப் பார்த்தார், கௌதமுடைய கனடா முத்திரையில் தேதியைப் பார்த்தார். மற்ற நாட்களில் என்றால் அதுதான் என் நெஞ்சு நின்றுபோகும் நேரம்.

பின் சீட்டில் கண்ணாடி இறங்கியது. கௌதம் மரியாதையாகக் கேட்டான். சார், இந்த அட்டையை வைத்துக்கொண்டு நான் கனடாவில் எத்தனை நாள் இருக்கலாம்?

"முப்பது" என்றார் அதிகாரி.

எப்போதாவது மாறியதா?

அவர் பாஸ்போர்ட்டுகளை நீட்டியபடி, தான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து முப்பதுதான் என்றார். உனக்கு இன்றைக்குப் பதினாறாம் நாள்தான், இன்னும் இருந்திருக்கலாமே, மீன் நன்றாகக் கடிக்கிற சமயம் என்றும் சொன்னார். கௌதம் நன்றி சொல்லிக் கண்ணாடியை ஏற்றினான்.

கணவர் வண்டியை எடுத்தார். நான் முன் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உன் படிப்பு, எங்கள் கிரீன் கார்டு, உனக்காகத்தான் இத்தனையும் என்று சொல்ல வரிசையாக வைத்திருந்தேன். ரொம்ப தூரம் போன பிறகு பேசினான். தமிழில்தான் பேசினான்.

"அம்மா, சித்திகிட்ட இதச் சொல்லிடாதீங்க. நீங்க பயத்துல கூப்பிடறீங்கன்னு நெனச்சுட்டு இருக்காங்க. எனக்குக் கோபம் வந்தப்பக் கூட, உங்கம்மா பயந்தவ, அவள நோகடிக்காதன்னு சொன்னாங்க."

நான் தலையாட்டினேன். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான தமிழ் அதுதான். அதைக் கேட்டபோதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை. இந்த நேரத்திலும் இவன் அவளைத்தானே நினைக்கிறான் என்று வந்தது. வெட்கம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது, அது இன்னும் போகவில்லை.

7

இந்த ஒரு வருஷத்தில் கௌதம் எந்தக் குற்றமும் செய்யவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினான். கேட்டால் பதில் சொன்னான். ஒன்றே ஒன்று மாறியிருந்தது. நான் எது சொன்னாலும் சரிபார்த்தான். மழை வரும் என்றால் டிவியைப் போட்டுப் பார்ப்பான். பள்ளி பஸ் ஏழேகாலுக்கு என்றால் அட்டவணையைப் பார்ப்பான். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. என் முன்னாலேயே, என்னை அவமதிக்கும் எண்ணம் துளியும் இல்லாமல் பார்ப்பான். பொறுத்துக்கொள்ள முடியாதது அதுதான்.

போன வாரம் பூங்கொடி பேசும்போது, சுரங்கத்தை மூடப் போவதாகப் பேச்சு அடிபடுவதாகச் சொன்னாள். "தங்கம் விலை இறங்கிட்டே போகுதாம்க்கா. அடுத்த கோடைக்கு நாங்க இந்த ஊர்ல இருப்பமான்னு தெரியல. ஆலையில இவருக்கேத்த வேலை ஏது?" எப்போதும் போல லேசாகத்தான் சொன்னாள். ஆனால் புழு வாங்க வந்த யாரையோ கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினாள். அவள் அப்படிச் செய்ததே இல்லை.

என்னால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. "பூங்கொடி, போன வருஷம் வக்கீல் யாரும் எதுவும் சொல்லல" என்றேன். "நான் பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"எப்போ?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே. இவரு அந்தப் பாலத்து ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டாரு."

"தெரிஞ்சுமா அனுப்புன? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்ல."

"கேட்டு என்னக்கா பண்றது? உன்ற பையன்தானே."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தலாகப் பேச வராது. பிறகு, "இந்த வருஷம் அனுப்பறியா?" என்று கேட்டாள். கேட்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. அவளுக்கும் அவன் வேண்டியிருந்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் இருப்பதில் எதையாவது அவள் ஆசைப்படுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

கௌதம் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இந்தக் கோடைக்குப் போக வேண்டும் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"சித்தி வீட்டுக்குப் போறியா?" என்றேன்.

பென்சில் நின்றது. தலை நிமிரவில்லை.

"எத்தனை நாள்?"

"முப்பது நாள் வரைக்கும் இருக்கலாம். போட்டி முடிஞ்சு வா."

பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினான். பிறகு எழுந்து வந்து, என் பக்கத்திலிருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினான். மனப்பாடமாக அழுத்தினான்.

"சித்தப்பா, கௌதம் பேசறேனுங்க. அம்மா முப்பது நாள் இருக்கலாம்னு சொல்றாங்க. இந்த வருஷமும் அப்படித்தானுங்களா?"

அங்கிருந்து பதில் வர நேரமாயிற்று. வேறொரு போனில் அந்தப் பாலத்து ஆபீசில் விசாரிக்கிறார் போலிருக்கிறது. அறைக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. அவன் கேட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.